பேப்பர் கட்டிங்கை எப்படிப் பாதுகாப்பது

1980களில் கடலூர் பசங்க யாராவது மெட்ராஸ் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குத் தேர்வானால், விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலே வரி வரும். எங்கள் அண்ணன் பெயர் வந்த அன்று அப்பா மஞ்சக்குப்பம் டீக்கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பேப்பரை வாங்கி வந்தார். பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. அம்மா நீல மையால் போட்டுவிட்டாள். அந்தக் கொம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். பேப்பர் கூழில் லிக்னின் என்று மரத்திலிருந்து வரும் ஒரு பொருள் இருக்கிறது, அதனால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு பேப்பர் மஞ்சளாகி நொறுங்கும். செலோடேப் வேண்டவே வேண்டாம், பசை பழுத்துக் கறையாகிவிடும். லேமினேஷனும் கூடாது, அப்புறம் பிரிக்கவே முடியாது. அமிலம் இல்லாத தாளுக்கு நடுவே வைத்து, இரும்பு பீரோவின் மேல் தட்டில் படுக்கையாக வையுங்கள். பெயர், ஆண்டு, பத்திரிகை எல்லாம் அந்தத் தாளில் பென்சிலால் எழுதுங்கள், கட்டிங்கில் எழுதாதீர்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து, கட்டிங் வைத்திருந்த எங்கள் நோட்டு ஊறிப்போனது. நனைந்த பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், கிழிந்துவிடும். நான் வெள்ளைத் துணியால் ஒற்றி, கொஞ்சம் உலரவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் பரப்பினேன். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். கரண்ட் இல்லாத நாட்கள், பனையோலை விசிறியால் அம்மாதான் வீசினாள்.