ரெவிட்டில் தளம் போடுவது எப்படி: முதன்முதலில் வரைபவர்களுக்கு

சைட்டில் சென்ட்ரிங் தகட்டின் மேல் கான்கிரீட் கொட்டக் கொட்ட கனம் மேல்நோக்கி ஏறும். கட்டடத்தை 3டி மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில் நேர்மாறு. தளத்தின் மேல்பரப்பு, மாடியின் உயரத்தைக் குறிக்கும் லெவல் கோட்டில் நிற்கும், கனம் முழுவதும் கீழே இறங்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு வீட்டின் மாடித் தளத்தை எடுத்துக்கொள்வோம். 125 மி.மீ. கான்கிரீட், அதன்மேல் கலவை, டைல்ஸ் சேர்த்து 50 மி.மீ. 'லெவல் 2' என்பது டைல்ஸின் மேல்மட்டம்.

1. லெவல் 2 பிளானைத் திறந்து, 'ஆர்க்கிடெக்சர்' டேபில் 'ஃப்ளோர்' அம்புக்குறியை அழுத்தி 'ஸ்ட்ரக்சுரல்' தேர்ந்தெடுங்கள்.

2. 'எடிட் டைப்' போய் முதலில் 'டூப்ளிகேட்'. அப்புறம்தான் கனத்தை 125 ஆக்க வேண்டும். ஒருமுறை டூப்ளிகேட் செய்யாமல் பாத்ரூம் தளத்தின் கனத்தை மாற்றினேன். அதே டைப்பில் இருந்த மற்ற தளங்களும் சேர்ந்து மாறிவிட்டன. மறுநாள் செக்‌ஷன் (குறுக்குவெட்டு) வெட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

3. 'பிக் வால்ஸ்' எடுத்து ஒரு சுவர்மேல் மவுஸை வைத்து டேப் விசையைத் தட்டினால், தொடர்ச்சியான சுவர்கள் எல்லாம் ஒரே கிளிக்கில் வரும். கோடுகள் மூடிய வடிவமாக இல்லையென்றால் பச்சை டிக்கை அழுத்தியதும் பிழை காட்டும். மூலையில் இடைவெளி இருந்தால் டிஆர் என்று தட்டி டிரிம் செய்யுங்கள். இடைவெளியே இல்லாமலும் திட்டுகிறதா? ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் படுத்திருக்கும், ஒன்றை அழியுங்கள்.

4. வரைந்து முடித்ததும், சுவர்களைத் தளத்தின் அடியில் ஒட்டவா என்று ரெவிட் கேட்கும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒட்டிவிட்டால் பிறகு தளத்தை ஏற்றி இறக்கும்போது சுவரும் கூடவே வரும்.

5. கான்கிரீட் தளத்துக்கு 'ஹைட் ஆஃப்செட்' (லெவலிலிருந்து ஏற்றம் அல்லது இறக்கம்) -50 கொடுங்கள். டைல்ஸ் தளத்தை 50 மி.மீ. கனத்தில், ஆஃப்செட் 0 வைத்து, அறை அறையாகத் தனியே வரையுங்கள். ஒரே தளமாக எல்லாவற்றையும் அடுக்கினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் ஹாலுக்கு ஒரு டைல்ஸ், சமையலறைக்கு வேறு என்று வரும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனியே அளவெடுக்க முடியாது.

பாத்ரூம் தனிக் கதை. அங்கே கான்கிரீட்டை 200 மி.மீ. இறக்கிப் போடுவோம் என்றால், மெயின் ஸ்லாப் எல்லையில் அந்த இடத்தை விட்டுவிட்டு, தனி ஸ்லாபை -250-இல் வரையுங்கள். பாத்ரூமுக்கு டைல்ஸ் தளத்தின் டைப்பை டூப்ளிகேட் செய்து, அதில் 200 மி.மீ. நிரப்பல் அடுக்கைச் சேர்த்து, அந்த அடுக்குக்கு மட்டும் 'வேரியபிள்' டிக் போடுங்கள். பிறகு 'ஆட் பாயின்ட்' மூலம் தண்ணீர் போகும் துளை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து -15 கொடுத்தால், மேலே வாட்டம் விழும், அடிப்பகுதி மட்டமாகவே நிற்கும். டிக் போட மறந்தால் நிரப்பலோடு சேர்ந்து அடியும் சாயும், ஸ்லாபுக்குள் புகுந்துவிடும்.

தரைத்தளத்துக்கு மண்ணையும் வெட்ட வேண்டும். 2023 வரையான பதிப்புகளில் 'மாஸிங் அண்டு சைட்' டேபில் 'பில்டிங் பேட்' இருக்கும். டோப்போசர்ஃபேஸ் (மண்ணின் மேற்பரப்பு) போட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். பேடின் மேல்மட்டம் தரைத்தள கான்கிரீட்டின் அடிமட்டத்தில் நிற்கட்டும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும். 2024-இல் மண்ணைக் கனத்தோடு காட்டும் டோப்போசாலிட் வந்தது, பேட் போய்விட்டது. பழைய வீடியோவைப் பார்த்து அந்தப் பட்டனைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 2025-இல் தளத்தையே வைத்து 'எக்ஸ்கவேட்' செய்து மண்ணைத் தோண்டலாம்.

கடைசியாகப் பாத்ரூம் வழியாக ஒரு செக்‌ஷன் வெட்டி, டீட்டெயில் லெவலை 'ஃபைன்' ஆக்குங்கள். 'கோர்ஸ்' இருந்தால் அடுக்குகளே தெரியாது.