பாரம்பரிய கராத்தே சர்வதேசப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவது எப்படி

புள்ளி சேர்க்கும் விளையாட்டுக் கராத்தேயில் பழகிய பிள்ளைக்குப் பாரம்பரியப் போட்டியின் கணக்கு புதிது. ‘ஷோபு இப்போன்’ முறையில் ஒரு இப்போன் (முழுப் புள்ளி) அல்லது இரண்டு வாசாரி (அரைப் புள்ளி) கிடைத்தால் ஆட்டம் முடிந்தது. தொட்டுவிட்டு ஓடும் அடிக்கு அங்கே மதிப்பில்லை. விதிகள் அமைப்புக்கு அமைப்பு மாறும் என்பதால் அறிவிப்பை முதலில் வாசியுங்கள். முன்னோடி ஆசிரியர் ஸ்டான் ஷ்மிட் காலந்தொட்டுத் தென்னாப்பிரிக்காவில் வேரூன்றிய ஜப்பான் கராத்தே சங்கத்தின் முறையையே இங்கே சொல்கிறோம்.

எதிராளியின்றிச் செய்யும் அசைவு வரிசையான காத்தாவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் மெருகேற்றிக்கொண்டு வருவார்கள். தொடக்கச் சுற்றில் ஹெய்யான் வரிசையின் ஐந்து காத்தாக்களிலும் டெக்கி ஷோடானிலும் எது வரும் என்பதை நடுவர் அப்போதுதான் சொல்வார். அடுத்த சுற்றுக்கு பஸ்ஸாய் டாய், கான்கு டாய், என்பி, ஜியோன். சொந்தத் தேர்வுக்கு இடம் இறுதிச் சுற்றில்தான். ஆகவே பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, எது வருகிறதோ அதை உடனே செய்யப் பழக்குங்கள்.

தொடக்கச் சுற்றுகளில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே காத்தாவைச் செய்வார்கள். நடுவர்கள் கொடி உயர்த்துவார்கள். பக்கத்தில் இருப்பவர் வேகமாகப் போனால் நம் பிள்ளையும் அறியாமல் இழுபடும். ஹெய்யான் வரிசையின் முதலாவதான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள். அடியோடு எழுப்பும் முழக்கமான கியாய் 9ஆவதிலும் 17ஆவதிலும். அவசரப்பட்டால் எட்டாவது அசைவான ஆகே-உகே (கையை மேலே உயர்த்தித் தடுப்பது) முடிவதற்குள் ஒன்பதாவது கிளம்பிவிடும். இடுப்பு திரும்பாது, கியாய் வெறும் சத்தமாகிவிடும். இதற்கு மருந்து: பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, ஒருமுறை வேண்டுமென்றே வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் செய்யச் சொல்லுங்கள். பிள்ளை தன் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போகட்டும்.

தரையில் டேப்பால் ஒரு குறி ஒட்டுங்கள். ஹெய்யான் ஷோடான் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். பின்னால் போய் நின்றால், முன்னே போகும் மூன்று ஆகே-உகே அடிகள் சுருங்கி, திரும்பி வரும் மூன்று ஓய்-சுகி (முன்னேறிக் குத்துவது) அடிகள் நீண்டிருக்கும். கடைசி அடியில் காலை இழுத்துச் சரிக்கட்ட விடாதீர்கள். ஒவ்வொரு அடியையும் அளந்து திருத்துங்கள்.

இருவர் மோதும் குமித்தேயில் தூரம்தான் எல்லாம். முகத்தில் பட்டால் எச்சரிக்கை, பலமாகப் பட்டால் ஹன்சோக்கு, அதாவது தகுதிநீக்கம். ஒரு சாண் தள்ளி நின்றால் புள்ளி இல்லை. மெல்லிய தாளை முக உயரத்தில் தொங்கவிட்டு, பக்கத்துக்கு 30 கியாகு-சுகி (முன்காலுக்கு எதிர்க்கையால் குத்துவது): தாள் அசையலாம், கிழியக் கூடாது. அடித்தபின் கண்ணை எடுக்காமல் இரண்டு மூச்சு நேரம் நிற்கட்டும். அதுதான் ஸான்ஷின். அடித்ததும் முதுகைக் காட்டித் திரும்பினால் நல்ல அடியும் வீணாகும்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். மூச்சு சீக்கிரம் வாங்கும். போய் இறங்கிய அன்று முழு வேகப் பயிற்சி வேண்டாம். தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும். போட்டி புரட்டாசியில் வந்தால் விரதத்தை விட வேண்டியதில்லை. சுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற பயறு) கறி, பருப்பு, தயிர் போதும். ஆனால் போட்டியன்று காலையில் பீன்ஸ் வேண்டாம், வயிறு உப்பும். இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே தயிர்ச்சோறு மாதிரி லேசாகக் கொடுத்துவிடுங்கள்.

உடை வெள்ளையாக, துவைத்ததாக இருக்கட்டும். கையை மடித்துவிடக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மவுத் கார்டைப் பத்து நாள் முன்பே போட்டுப் பழகட்டும், புதிதாகக் கடித்தால் மூச்சுத் திணறும். தோடு, மூக்குத்தி, கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு எல்லாம் களத்துக்கு வெளியேதான். கயிற்றை அவிழ்க்கப் பாட்டிக்கு மனம் வராது. அதை வீட்டிலேயே பேசி, முந்தின நாள் சாமி படத்தின் முன் அவிழ்த்து வைத்துவிடுங்கள். நடுவர் கேட்கும்போது கத்தரிக்கோல் தேடினால் பிள்ளையின் மனம் கலைந்துவிடும்.