ஏலத்திற்கு வரும் வீட்டை வாங்கி விற்க நினைப்போருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், கடன் கட்டப்படாமல் வங்கி ஏலத்திற்கு விடும் வீட்டை வாங்கி விற்க விரும்புவோர், அடிப்படை விலையில் மயங்குவதற்கு முன் விற்பனை அறிவிப்பை வரிக்கு வரி படிக்க வேண்டும். மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் இந்தியர்களான நம்மவர்களால் அதை வாங்க இயலாது.

அடுத்து, வீட்டை நேரில் சென்று பாருங்கள். பெரும்பாலும் உள்ளே நுழைய வழியிருக்காது என்றாலும், மின்சார மீட்டர் கழற்றப்பட்டிருக்கிறதா, கொடியில் துணி காய்கிறதா, கூரை ஓடு சரிந்திருக்கிறதா என்பதை வேலிக்கு வெளியிலிருந்தே அறியலாம். ஆள் குடியிருந்தால் வெளியேற்றும் பொறுப்பு வாங்கியவரையே சேரும். அங்கிருப்பது பெரும்பாலும் நொடித்துப்போன ஒரு குடும்பம் என்பதால், வழக்கறிஞர் கடிதம் அனுப்புமுன் மரியாதையாகப் பேசி அவகாசம் கொடுப்பதே முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிராண்ட் எனப்படும் நில உரிமைப் பத்திரம் உள்ள வீட்டிற்குப் பொதுவாக அடிப்படை விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாக பேங்க் டிராஃப்ட்டில் கொண்டுசெல்ல வேண்டும். மீதியை 120 நாள்களுக்குள் செலுத்தத் தவறினால் முன்பணம் பறிபோகும். ஆகவே கடன் கிடைக்குமா என்பதை ஏலத்திற்கு முன்பே வங்கியில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குடிமக்களாயினும் மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரியாகப் போய்விடும். ஆறாம் ஆண்டு முதல் அவ்வரி இல்லை என்பதால், வாடகைக்கு விட்டுக் காத்திருப்பதையும் கணக்கிட்டே ஏலத்தொகையை முடிவுசெய்யுங்கள்.