திடீரென்று காலைச் சுற்றும் நாய்: என் அனுபவம்

ஐப்பசி சாயங்காலம் குலசேகரம் பக்கம் இடி இறங்கினால் நாய் காலடியை விட்டு நகராது. அது பயம். உள்ளறைக் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு.

வானம் வெளுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு திரிந்தால், இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுத்தால், உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் நாய்க்கு இருந்தது உண்ணிக் காய்ச்சல், அதாவது உண்ணி கடித்துப் பரவும் நோய்.

மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை அறிய முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். ஈறு வெளிறியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். மனிதருக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது.

காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி: உண்ணி ஒளியும் இடங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். ஸ்பிரிட்டில் போட்டால் சாகும்.

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான சந்தேகம் வலுக்கும். எர்லிக்கியா கிருமி என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை 4 வாரம். எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார், சோற்றோடுதான் கொடுக்க வேண்டும். சில நாளில் நாய் துள்ளத் தொடங்கும். அப்போது மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், நோயும் திரும்பி வரும்.

உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்பில். வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.