குழு ஓடைவாசிப்பானைச் சீரமைக்கத் திட்டமிடுவது எப்படி: குறிப்பு காணாமல் போகாதிருக்க

மொரீசியசில் ஒரு தமிழ்ச் சங்கமோ, கோயில் குழுவோ, தமிழாசிரியர்கள் சிலரோ சேர்ந்து ஒரே ஓடைவாசிப்பானை (தளங்கள் வெளியிடும் புதுப்பதிவுப் பட்டியல்களான ஓடைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் செயலியை) பயன்படுத்தினால் அதில் மூன்று நான்கு மொழிச் செய்திகள் வந்து சேரும். பிரெஞ்சு நாளிதழ்கள், ஆங்கில அறிவிப்புகள், கிரியோலில் வருபவை, சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தமிழ். பிரெஞ்சு எல்லாருக்கும் ஓடும். தமிழ் சரளமாகப் படிப்பவர் சிலரே. தமிழ்ச் செய்தியைப் படித்த ஒருவர் மற்றவர்களுக்காகக் கீழே எழுதி வைக்கும் இரண்டு வரிக் குறிப்புதான் அந்தக் குழுவின் சொத்து. செய்தியை வேறெங்காவது தேடி எடுத்துவிடலாம், குறிப்பை எடுக்க முடியாது. ஆகவே எந்த மாற்றத்தைத் திட்டமிட்டாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இதனால் குறிப்பு தன் செய்தியை விட்டுப் பிரியுமா?

கை வைக்கும் முன் இரண்டு வாரம் கணக்கெடுங்கள். ஒவ்வொரு ஓடையும் ஒரே நேரத்தில் எத்தனை பதிவு தாங்குகிறது, நாளுக்கு எத்தனை புதிதாக வருகிறது, எத்தனை இரட்டிப்பு, எத்தனை முறை பிழை என்று எழுதிவையுங்கள். கூடவே, குழுவினர் சொல்லும் குறைகளை அவர்கள் வாய்ச்சொல்லாகவே குறியுங்கள். “பழைய செய்தி புதிதாக வருகிறது”, “படித்தது படிக்காததாகத் தெரிகிறது”, “என் குறிப்பைக் காணோம்”. மூன்றும் வேறு வேறு நோய் போலத் தெரியும். பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: வாசிப்பானுக்குப் பதிவின் அடையாளம் பிடிபடவில்லை.

பதிவின் அடையாளம்

ஓடைகள் பெரும்பாலும் ஆட்டம், ஆர்எஸ்எஸ் என்ற இரு வடிவங்களில் வரும். ஆட்டம் ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஐடி (அடையாளக் குறி) கட்டாயம். ஆர்எஸ்எஸ் 2.0-இல் அதே வேலையைச் செய்யும் ஜியுஐடி விருப்பத்துக்குரியது; பல தளங்கள் அதைத் தருவதில்லை, அல்லது பதிவின் முகவரியையே ஜியுஐடியாகப் போடுகின்றன. அந்தத் தளம் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸுக்கு மாறிய அன்று ஓடையிலுள்ள எல்லாப் பதிவுகளும் புதியவையாக வந்து குவியும். குறிப்புகள் பழைய பிரதிகளோடு கிடக்கும். எனவே அடையாளமாக வருவது முகவரி என்றால், ஒப்பிடும்போது நெறிமுறை (தொடக்கத்தில் வரும் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ்), முன்னால் வரும் மூன்று டபிள்யூ, கடைசிச் சாய்கோடு ஆகியவற்றை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். வாசகர் எங்கிருந்து வந்தார் என்று கணக்கெடுக்க முகவரியின் வாலில் தொங்கும் யுடிஎம் குறிகளையும் வெட்டலாம். ஆனால் கேள்விக்குறிக்குப் பின் உள்ள அனைத்தையும் வெட்டாதீர்கள். பதிவு எண்ணையே அங்கே வைக்கும் தளங்கள் உண்டு. வெட்டினால் அந்தத் தளத்தின் எல்லாச் செய்திகளும் ஒன்றாகிவிடும். ஜியுஐடியும் இல்லை, நம்பத்தக்க முகவரியும் இல்லை என்றால் கடைசி வழி, ஓடையின் பெயர், தலைப்பு, வெளியான நேரம் மூன்றையும் சேர்த்து ஒரு கைரேகை எண் உண்டாக்குவது. தலைப்பைத் திருத்தினால் இது உடையும்.

பழைய பதிவுகளை அழிக்கும் வேலையிலும் ஒரு பொறி இருக்கிறது. 90 நாளுக்கு முந்தியதை முழுதாக அழித்தால், மெதுவாக ஓடும் ஓடை அதே பதிவை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் அது படிக்காததாகத் திரும்பி வரும். உடலை (செய்தியின் உள்ளடக்கத்தை) மட்டும் அழித்து, அடையாளத்தை வைத்திருங்கள். குறிப்புள்ள பதிவை எந்நாளும் அழிக்கக் கூடாது.

புயல் காலத்துச் செய்தி

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரையிலான புயல் பருவத்தில் இன்னொரு சிக்கல் கூடும். எச்சரிக்கை ஏற ஏற, செய்தித் தளங்கள் ஒரே கட்டுரையை அதே முகவரியில் திரும்பத் திரும்ப எழுதும். காலையில் ஒருவர் “நாளை பள்ளி உண்டு” என்று குறிப்பு எழுதியிருப்பார். மாலையில் கட்டுரை நேர்மாறாகச் சொல்லும். குறிப்பு அடையாளத்தோடு சரியாகத்தான் ஒட்டியிருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். தீர்வு இது: குறிப்போடு, எழுதியவர் சுட்டிய வாக்கியத்தையும் அது எடுக்கப்பட்ட மணியையும் சேர்த்துச் சேமியுங்கள். உடல் மாறியவுடன் “இந்தக் குறிப்புக்குப் பின் செய்தி திருத்தப்பட்டது” என்று மேலே காட்டுங்கள். திருத்தத்தைப் புதுப் பதிவாக ஆக்காதீர்கள், பேச்சு இரண்டாகப் பிளந்துவிடும்.

மின்சாரம் போனால் வேறு இழப்பு. வேர்ட்பிரஸ் என்ற தளமென்பொருளின் ஓடை இயல்பாகக் கடைசி 10 பதிவுகளை மட்டுமே தாங்கும். நாளுக்கு 60 பதிவு போடும் தளத்தில் அந்தப் பத்தும் சராசரியாக 4 மணி நேரத்தில் உருண்டோடிவிடும். காலை வேளையில் இன்னும் வேகம், ஆகவே கால்பங்கு இடைவெளியாக 1 மணிக்கொருமுறை எடுப்பது பத்திரம். ரோஸ் ஹில் சங்கக் கட்டடத்து மேசைக்கடியில் வழங்கியை (வாசிப்பான் ஓடும் கணினியை) வைத்தால் ஒரு நாள் மின்வெட்டு அந்த ஓடையில் ஏறக்குறைய 50 பதிவுகளை விழுங்கும். ஓடை எடுக்கும் பகுதியை மட்டுமாவது தீவுக்கு வெளியே ஓடவிடுங்கள்.

அதே ஓடையை ஆளுக்கொருமுறை எடுக்காதீர்கள். 12 பேர், 40 ஓடை, அரைமணிக்கொருமுறை என்றால் நாளுக்கு 23,040 கோரிக்கை. குழுவுக்குப் பொதுவாக எடுத்தால் 1,920. சென்ற முறை தளம் தந்த ஈடேகையும் (ஓடையின் பதிப்புக் குறி) கடைசித் திருத்த நேரத்தையும் அனுப்பினால் மாறாத ஓடைக்கு 304 (மாறவில்லை) என்ற பதில் எண் மட்டும் வரும், உடல் வராது. 429 (கோரிக்கை மிகுதி) வந்தால் தளம் சொன்ன நேரம் வரை பொறுங்கள். 410 (ஓடை நிரந்தரமாக நீக்கப்பட்டது) வந்தால் நிறுத்திவிட்டுக் குழுவுக்குச் சொல்லுங்கள்.

நேரம், தமிழ்

சில இந்தியத் தளங்கள் உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டு உலகப் பொது நேரம் என்று அறிவிக்கும். சென்னைக் காலை 9 மணிச் செய்தி மொரீசியசில் 7.30-க்கு வர வேண்டியது. பட்டியலில் பிற்பகல் 1 மணி என்று காட்டி, அதுவரை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியான நேரம், நாம் முதலில் எடுத்த நேரம் இரண்டில் முந்தியதை வைத்து வரிசைப்படுத்தினால் போதும்.

தேடலில் கவனம் அதிகம் தேவை. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-இல், சொற்களைப் பிரிக்கும் யூனிகோட்61 பிரிப்பானை அப்படியே விட்டால் உயிர்க்குறிகள் சொல்லின் பகுதியாக எண்ணப்படா. ‘காவடி’ என்பது ‘க’, ‘வட’ என்று சிதறும். பிரிப்பான் சொல்லின் பகுதியாக ஏற்கும் எழுத்து வகைப் பட்டியலில் குறி வகைகளையும் சேர்த்து, தேடல் அட்டவணையை முழுதாக மறுபடி கட்டுங்கள். ‘கொ’வின் கொம்பும் காலும் சில தளங்களில் தனித்தனிக் குறியீடாக வரும்; சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த யூனிகோட் வடிவுக்கு மாற்றினால் ஒன்றாகும். மொரீசியஸ், மொரிசியசு, மொரீஷியஸ் போன்ற எழுத்து வேறுபாடுகளுக்கு எந்த நெறியும் உதவாது. குழுவே ஒரு சிறு இணைச்சொல் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்குத் தமிழிலும் ரோமனிலும் ஒரே குறிச்சொல் என்றும் அதில் எழுதலாம்.

எது ஒருவருடையது, எது எல்லாருடையது

படித்த நிலை தனிமனிதருடையது, குறிப்பும் குறிச்சொல்லும் குழுவுடையவை. ஒருவர் “எல்லாம் படித்தாயிற்று” என்று அழுத்தியதும் மற்றவர் பட்டியலும் காலியானால் யாரும் அந்த வாசிப்பானை நம்பமாட்டார்கள். ஒரே குறிப்பை இருவர் திருத்தினால், பழைய பதிப்பின் மேல் எழுதுவதைத் தடுத்து இரண்டையும் காட்டுங்கள். கட்டணச் சந்தாவின் ஓடை முகவரியில் ரகசியச் சாவி இருக்கும். பொதுவாகப் பகிரும் ஓடைப் பட்டியலான ஓபிஎம்எல் கோப்பில் அது போகக் கூடாது. ஓபிஎம்எல் ஓடை முகவரிகளையும் அடுக்குகளையும் சுமக்குமே தவிர, குறிப்பைச் சுமக்காது. அதற்குத் தனிக் காப்புப்பிரதி வேண்டும்.

மாற்றத்தை ஜூன் முதல் செப்டம்பருக்குள் வையுங்கள். தைப்பூசமும் புயலும் சேரும் ஜனவரி, பிப்ரவரி ஆகாது. தரவுத்தளத்தின் நகலில் புதிய பதிப்பை ஒரு வாரம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் குறிப்புகளை எண்ணுங்கள். தாய்ப்பதிவு இல்லாத குறிப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மாறாதீர்கள், அடையாள விதியைத் திருத்தி மீண்டும் ஓட்டுங்கள். மாறிய பிறகும் பழைய தரவுத்தளத்தை 30 நாள் தொடாமல் வைத்திருங்கள்.