மெஸனைனை எடுத்ததும் வளைந்த தூண்

ஷெட்டின் நடுவே இருந்த மெஸனைன் தளத்தை, அதாவது பாதி உயரத்தில் இருந்த இடைத்தளத்தை, இடம் வேண்டுமென்று கழற்றியது நான்தான். 3 மீட்டரில் பிடிமானம் இருந்த, ஆங்கில I எழுத்து வடிவ ஐ-செக்‌ஷன் தூண்கள் அதோடு 6 மீட்டருக்கு வெறுமனே நின்றன. சில மாதம் கழித்து ஒரு தூணில் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் 11 மில்லிமீட்டர் இடைவெளி. உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 6 வரை என்றால் விட்டிருப்பேன்.

தூண் எந்தப் பாரத்தில் வளையும் என்று சொல்லும் ஆய்லர் கணக்குப்படி பிடிமானமில்லாத நீளம் இரட்டிப்பானால் தாங்குதிறன் கால்வாசியாகும். வளைவும் எதிர்பார்த்தபடி பலவீனமான அச்சில்தான், அதாவது தூண் எளிதில் வளையும் பக்கமாகத்தான்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். நடு உயரத்தில் தூண்களைக் குறுக்கே இணைத்து, இரு தூண்களுக்கு நடுவே ஒரு இடத்தில் எக்ஸ் பிரேசிங், அதாவது X வடிவக் குறுக்குக் கம்பிகள், போடச் சொன்னார். அது இல்லாமல் வெறுமனே இணைத்தால் எல்லாம் சேர்ந்தே சாயுமாம்!

வளைந்த தூண் வாசலோரம். அங்கே குறுக்குச் சட்டம் வழியை அடைக்கும். அதனால் ஃபிளாஞ்ச் (I-யின் மேல், கீழ்க் கோடு போன்ற தகடுகள்) ஓரங்களில் இருபுறமும் பிளேட் வைத்துப் பெட்டியாக மூடினோம். ஜாக்கி கொடுத்துப் பாரத்தை இறக்கிய பிறகுதான் வெல்டிங். சூட்டில் இரும்பு தளரும் என்பதால் துண்டு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி. வெல்டருக்குப் பொறுமையே இல்லை, நான் நகரவில்லை.

அப்புறம் மறுபடி நூல் பிடித்தேன். அதே 11. பழைய வளைவு நிமிரவில்லை, ஆனால் ஒரு வருடமாகக் கூடவும் இல்லை.