பிரட்டலில் இலை வாசம் நிற்க
பினாங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கறிவேப்பிலை, புதினா, செராய் (எலுமிச்சைப்புல்) எல்லாம் இருந்தும் உருளைக்கிழங்குப் பிரட்டல் மணக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதுதான் தப்பு.

கறிவேப்பிலைக்கு எண்ணெய் வேண்டும், ஈரம் ஆகாது. மழையில் நனைந்த கொத்தைத் துணியில் ஒற்றி, கடுகு வெடித்ததும் உருவிப் போடுங்கள். சடசடப்பு அடங்கினால் வாசம் எண்ணெயில் இறங்கியாச்சு. அப்புறம் நசுக்கிய ஒரு தண்டு செராய், மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் போட்டு, ஏற்கெனவே முக்கால் பதம் வேகவைத்த அரை கிலோ கிழங்கைச் சேருங்கள். சும்மா கிளறாதீர்கள், மாவாகிவிடும். அடி சிவந்ததும் ஒரு புரட்டு போதும்.

புதினாவை அடுப்பை அணைத்த பிறகே கிள்ளிப் போடுங்கள். கத்தியில் நறுக்கினால் சீக்கிரம் கறுத்துவிடும். பரிமாறும் முன் செராய்த் தண்டை எடுத்துவிடுங்கள், பல்லில் மாட்டும்.